தத்துவம் படித்து என்ன செய்வது?

வேலைக்கு ஆகாத படிப்பு என்று ஒதுக்கிவைத்த பாடம், மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் கணினி நிறுவனத்திலும் திரும்பத் திரும்பத் தேவைப்படுவது ஏன்? ஓர் அலசல்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல். நள்ளிரவு தாண்டிவிட்டது. உள்ளே முதியவர் ஒருவருக்கு நாள்கணக்கில் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே இரும்பு நாற்காலியில் மூத்த மகன், மடியில் ஸ்கேன் படங்களும் பில்களும் பிதுங்கும் ஃபைல். வெளிநாட்டிலிருக்கும் தம்பி வாட்ஸ்அப் அழைப்பில் காத்திருக்கிறார். "மூச்சு இருக்கும்போதே நாமளா எடுக்கச் சொன்னா, அது அப்பாவைக் கொன்ன மாதிரி ஆயிடாதாண்ணே?" என்று கேட்கிறார் தங்கை. "இப்படிக் கிடக்கிறதை அவரே விரும்ப மாட்டாரும்மா" என்கிறார் அண்ணன். டாக்டர் வெளியே வருகிறார். சிறுநீரகம், மூளை, ரத்த அழுத்தம் எல்லாவற்றின் நிலையையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். பிறகு, "மெடிக்கலா சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் சார். இனிமே நீங்கதான் முடிவு எடுக்கணும்" என்கிறார்.

தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் எந்த இரவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பத்திடம் தகவல் எதுவும் குறையவில்லை. பரிசோதனை முடிவுகள் அத்தனையும் கையில் இருக்கின்றன. இன்னொரு ஸ்கேன் எடுத்தாலும் தங்கையின் கேள்விக்கு அதில் விடை இருக்காது. சாகவிடுவதும் கொல்வதும் ஒன்றா என்ற அந்தக் கேள்வியை ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1975-ல் எழுப்பினார். அவருடைய கட்டுரையை வெளியிட்டது ஒரு மருத்துவ இதழ்: நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். நோயாளியின் விருப்பமே முதன்மை என்ற அண்ணனின் கட்சியை, 2018 மார்ச் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று சொல்லி, இத்தகைய நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க வழி திறந்தது. நள்ளிரவில் அண்ணனும் தங்கையும் தங்களை அறியாமல் பேசியது, பல்கலைக்கழகங்களில் தத்துவம் என்ற பெயரில் நடத்தப்படும் பாடத்தைத்தான்.

அந்தப் பாடத்தின் பயன் என்ன என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை முன்வைக்கும் பதில் இதுதான்: எல்லாத் தகவலும் கைக்கு வந்த பிறகும் விடை தெரியாத கேள்விகள் உண்டு, அவற்றை முறையாகக் கையாளும் பயிற்சியே தத்துவக் கல்வி. அத்தகைய கேள்விகள் அபூர்வமாக வருபவை என்ற எண்ணம் தவறு. மருத்துவம், சட்டம், தொழில்நுட்பம், அரசு நிர்வாகம் ஆகிய நான்கு துறைகளிலும் அவை நாள்தோறும் வருகின்றன. யாரோ ஒருவர் அவற்றுக்கு முடிவு சொல்லிக்கொண்டும் இருக்கிறார். அந்த முடிவைச் சொல்பவர் பயிற்சி பெற்றவரா, இல்லையா என்பதுதான் நம் முன் இருக்கும் தேர்வு.

பழைய பாடம், ஒதுங்கிய துறை

தமிழுக்கு இது புதிய பாடமில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27-வது காதையில், கதைத்தலைவி வஞ்சி மாநகரில் வெவ்வேறு சமயவாதிகளைத் தேடிச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதிலிருந்தே அவன் பேச்சு தொடங்குகிறது. 29-வது காதை, வாதத்தில் நேரும் பிழைகளை வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் ஒரு பகுதி முழுவதையும் பரபக்கத்துக்கு, அதாவது எதிர்த்தரப்புக் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பதற்கு, ஒதுக்குகிறது. நவீன காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பதவியும் பின்னர் குடியரசுத் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தன. இத்தனை இருந்தும், ப்ளஸ் டூ முடித்த மாணவரின் விருப்பப் பட்டியலில் தத்துவம் இன்று அநேகமாக இடம்பெறுவதில்லை. பொறியியலும் வணிகவியலும் கணினி அறிவியலும் நிரம்பிய பிறகு மிஞ்சுபவர்கள் வரும் துறையாகவே அது பல கல்லூரிகளில் பார்க்கப்படுகிறது.

────────────
பெட்டிச் செய்தி: எங்கே படிக்கலாம்?

■ சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இயங்குகிறது. அதன் உயராய்வு நிறுவனம் ராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கியது.

■ சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவை இப்பாடம் நடத்தி வரும் நிறுவனங்களில் சில.

■ இலங்கையில் க.பொ.த. உயர்தரத்திலேயே 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயிலலாம்.

■ பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவில் தத்துவத் தாள் உண்டு. மாணவர்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள்.
────────────

ஒரு குழுவும் பதினான்கு நாளும்

தத்துவப் பயிற்சி ஒரு நாட்டின் சட்டத்தையே வடிவமைத்ததற்கு பிரிட்டன் தெளிவான சான்று. 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தார். உடலுக்கு வெளியே கருவுறச் செய்து பிறந்த முதல் குழந்தை அவர். அதுவரை யாரும் எதிர்கொள்ளாத கேள்வி உடனே எழுந்தது: ஆய்வகத்தில் உருவான கருவை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? கருவுற்ற கணத்திலிருந்தே அது மனித உயிர் என்றார்கள் ஒரு சாரார். வெறும் செல்களின் திரள் என்றார்கள் மற்றொரு சாரார். 1982-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமையேற்றவர் மருத்துவரோ நீதிபதியோ அல்லர். மேரி வார்னாக் என்ற தத்துவ ஆசிரியர். உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியில் சிக்கினால் குழு ஒருநாளும் முடிவுக்கு வராது என்பதைக் குழு உணர்ந்தது. உண்மையைத் தேடும் கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குள் ஒளிந்திருப்பது மதிப்பீடு. ஆகவே, கருவை எப்படி நடத்துவது சரி என்ற கேள்வியை நேராகவே கையிலெடுத்தார்கள்.

அப்படிக் கேட்டபோதுதான் வழி பிறந்தது. கருவுற்ற 14 நாள் வரை ஆராய்ச்சிக்கு அனுமதி, அதற்கு மேல் கூடாது என்று 1984 அறிக்கை பரிந்துரைத்தது. ஏறத்தாழ 15-வது நாளில்தான் கருவில் உடலின் அச்சாகப்போகும் முதல் கோடு தோன்றுகிறது. அதன் பிறகு ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராக ஆவதில்லை. எனவே தனி ஒருவர் என்று சொல்லத்தக்க நிலை அங்கே தொடங்குகிறது எனலாம். அதோடு, எண்ணிப் பார்க்கக்கூடிய எல்லையாக இருந்தால்தான் சட்டத்தால் காக்க முடியும். இந்தப் பரிந்துரை 1990-ல் சட்டமானது. பிறகு பல நாடுகள் அதே எல்லையை ஏற்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஸ்டெம் செல் நெறிமுறைகளிலும் அது இடம்பெற்றது. அந்த எல்லை சரியா என்று இன்றும் விவாதிக்கலாம், விவாதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் பல்லாண்டுகள் ஆராய்ச்சியும் மக்களின் நம்பிக்கையும் ஒன்றையொன்று உடைக்காமல் நடக்க அது வழி செய்தது. ஒரு கேள்வியைப் பிரித்து, அதில் எது உண்மை பற்றியது, எது மதிப்பு பற்றியது என்று காட்டும் திறனுக்கு இதைவிடப் பெரிய நடைமுறைப் பயன் வேண்டுமா?

நியாயத்துக்கு எத்தனை கணக்கு?

தொழில்நுட்பத்துக்கு வருவோம். அமெரிக்காவின் சில நீதிமன்றங்கள், கைதானவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணித்து மதிப்பெண் தரும் 'காம்பஸ்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தின. 2016-ல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் ஃப்ளோரிடாவின் ஒரு மாவட்டத் தரவுகளை ஆராய்ந்தது. பின்னர் குற்றம் எதுவும் செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதத்தினர் ஆபத்தானவர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டிருந்தார்கள். அத்தகைய வெள்ளையரில் இது சுமார் 23 சதவீதம். இது அப்பட்டமான பாரபட்சம் என்றது புரோபப்ளிகா. மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மறுத்தது. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள். ஆகவே கணிப்பு நியாயமானதே என்றது.

இருவர் சொன்ன எண்களும் சரியானவை. வியப்பு அதன் பிறகுதான். மறுபடி குற்றம் செய்யும் அடிப்படை விகிதம் இரண்டு குழுக்களிடையே வேறுபட்டிருக்கும்போது, இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒரே கணிப்பில் நிறைவேற்றுவது பொதுவாக இயலாது என்று ஆய்வாளர்கள் கணித முறையில் நிறுவினார்கள். அதாவது, எவ்வளவு திறமையான புரோகிராமராக இருந்தாலும் ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. தவறாகச் சந்தேகிக்கப்படும் அப்பாவியின் இழப்பு பெரிதா, கணிப்பின் ஒரே சீரான பொருள் பெரிதா என்று எடைபோட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் தத்துவம் தெரிந்தவர் இல்லாவிட்டால் முடிவு எடுக்கப்படாமல் போவதில்லை. யாரும் கவனிக்காமலே எடுக்கப்பட்டுவிடுகிறது. கடன் தருவது, வேலைக்கு ஆள் எடுப்பது, காப்பீடு வழங்குவது என்று மென்பொருள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

நம் ஊர் விவாதம் ஒன்றும் இதே வடிவம் கொண்டது. 2020-ல் தமிழ்நாடு அரசு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. நீட் மதிப்பெண்ணே தகுதி என்று கருதுவோருக்கு இது சலுகை. தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லாமல், தானே படித்து எடுத்த மதிப்பெண்ணும் பல லட்சம் செலவழித்து எடுத்த மதிப்பெண்ணும் ஒரே திறனைக் காட்டவில்லை என்று கருதுவோருக்கு இது திருத்தம். இரு தரப்பும் சமத்துவத்தின் பெயரால்தான் பேசுகின்றன. எதில் சமம் என்ற கேள்வியை யாரும் மேசைமேல் வைக்காததால் பேச்சு கூச்சலாகிறது. அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து 1979-ல் உரை நிகழ்த்தியவர் அமர்த்திய சென். பொருளாதாரத்தில் பேர்பெற்ற அவர், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஆய்வு நல்கை கிடைத்தபோது தத்துவத்தைத் தேர்ந்துகொண்டவர். பணத்தை மட்டும் அளக்காமல், மனிதர் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதை அளக்க வேண்டும் என்ற அவருடைய வாதம், 1990-ல் ஐ.நா. வெளியிடத் தொடங்கிய மனித வளர்ச்சிக் குறியீட்டுக்கு அடித்தளம் ஆனது. இன்று மாநிலங்களும் நாடுகளும் தங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அது.

────────────
பெட்டிச் செய்தி: தருக்கத்திலிருந்து கணினிக்கு

■ 1854: சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் எழுதலாம் என்று ஜார்ஜ் பூல் நூல் வெளியிட்டார்.

■ 1930-கள்: அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவரான கிளாட் ஷானன், தத்துவத் துறையின் வகுப்பொன்றில் பூலின் தருக்கத்தைக் கற்றார்.

■ 1937: அதே தருக்கத்தைக் கொண்டு மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று எம்.ஐ.டி.யில் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். இன்றைய டிஜிட்டல் சுற்றுகளின் தொடக்கம் அது.

■ 1950: இயந்திரம் சிந்திக்குமா என்று ஆராயும் ஆலன் டூரிங்கின் புகழ்பெற்ற கட்டுரை, 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் வெளியானது.
────────────

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் முதல் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. தத்துவம் படித்துக் கோடீஸ்வரரானவர்களின் பட்டியலை நீட்டுவது சிலருடைய வழக்கம். லிங்க்ட்இன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மனும் ஸ்லாக் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் தத்துவ மாணவர்கள் என்பது உண்மைதான். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. வென்றவர்களை மட்டும் எண்ணுவது, தருக்கத்தின் முதல் வகுப்பிலேயே பிழை என்று சொல்லிக்கொடுக்கப்படும் செயல். மொத்தப் பட்டதாரிகளின் நிலையைத்தான் பார்க்க வேண்டும். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவின் இளம் பட்டதாரிகளில் கணினிப் பொறியியல் படித்தோரின் வேலையின்மை 7.5 சதவீதம், கணினி அறிவியலில் 6.1 சதவீதம், தத்துவத்தில் 3.2 சதவீதம். இந்த எண்ணையும் பாதியாகச் சொல்லக் கூடாது. பட்டம் தேவைப்படாத வேலையில் இருப்பவர்களின் பங்கு தத்துவம் படித்தவர்களிடம் அதிகம். தொடக்கச் சம்பளமும் கணினிப் பட்டதாரியைவிடக் குறைவு. தத்துவம் படித்தால் தெருவில் நிற்க வேண்டும் என்ற பேச்சு அங்கே பொய். தத்துவமே நல்ல சம்பளத்துக்குக் குறுக்குவழி என்ற பேச்சும் பொய்.

இந்தியாவில் நிலைமை இன்னும் கடினமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் எந்தப் பட்டம் பெற்றவரும் அதன் பிறகே சட்டக் கல்லூரிக்குப் போகிறார். தத்துவம் அதற்கு நேரான பாதை. இங்கே பட்டத்துக்குப் பிறகு சட்டம் படிக்கும் வழி இருந்தாலும், பலர் ப்ளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனம் தத்துவத் துறைக் கதவைத் தட்டுவதில்லை. கல்லூரி ஆசிரியர் பணியிடங்களும் குறைவு. ஆகவே குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் ஒரு மாணவரிடம், வேறு எந்தத் திறனும் துணையின்றித் தத்துவத்தை மட்டும் எடு என்று சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. சட்டம், குடிமைப்பணித் தேர்வு, இதழியல், பொதுக்கொள்கை, தரவு அறிவியல் என்று ஏதேனும் ஒன்றோடு இணைத்துப் படிப்பவருக்கே அதன் முழுப் பலன் கிடைக்கும். அந்த இணைப்புக்கு இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் பற்றிய இந்திய அரசின் 2019 விதிகளைப் பாருங்கள். அவற்றில் இடம்பெறத்தக்க உறுப்பினர்களில் தத்துவ அறிஞரும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார். சட்டம் ஒதுக்கிய நாற்காலி இருக்கிறது. அதில் உட்காரத் தகுதியானவர்களைத் தயாரிப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

────────────
பெட்டிச் செய்தி: தேர்வுகளில் தத்துவம்

■ யு.பி.எஸ்.சி. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள்கள், 500 மதிப்பெண்.

■ 2013 முதல் அறநெறி, நேர்மை பற்றிய பொது அறிவு நான்காம் தாளை எல்லாத் தேர்வர்களும் எழுதுகிறார்கள். 250 மதிப்பெண். இந்திய, உலகச் சிந்தனையாளர்களும் நடைமுறைச் சிக்கல்களும் அதில் உண்டு.

■ 2021 முதல் 'கேட்' (GATE) தேர்வின் மானுடப் பண்பியல், சமூக அறிவியல் தாளில் தத்துவத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.

■ கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்விலும் தத்துவம் ஒரு பாடம்.
────────────

கெட்டிக்காரர்கள்தானே அதை எடுக்கிறார்கள்?

அடுத்த ஆட்சேபணை கூர்மையானது. அமெரிக்காவில் முதுகலை நுழைவுக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் மொழித்திறன் பகுதியிலும் பகுப்பாய்வு எழுத்திலும் தத்துவ மாணவர்கள் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறார்கள். அதற்குப் பாடம் காரணமா? இயல்பாகவே சிந்திக்கப் பிடித்தவர்கள் அந்தப் பாடத்தைத் தேடி வருகிறார்கள் என்றும் இருக்கலாம் அல்லவா? மைக்கேல் பிரின்சிங், மைக்கேல் வாஸ்குவெஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கே பதில் தேடியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் தரவுகளை எடுத்துக்கொண்டு, கல்லூரியில் நுழையும்போது இருந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். உண்மையில் தத்துவத்துக்கு வருபவர்கள் தொடக்கத்திலேயே சற்று முன்னே இருந்தார்கள். அதைக் கழித்த பிறகும், மொழித் திறனிலும் தருக்கத் திறனிலும், தன் கருத்தையே மறுபரிசீலனை செய்யும் மனப்பாங்கிலும் அவர்கள் மற்றப் பாட மாணவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள்.

எதிர்ச்சான்றையும் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் தத்துவ உரையாடல் நடத்திப் பார்த்தார்கள். 48 பள்ளிகளில் நடந்த முதல் சோதனையின் முடிவுகள் 2015-ல் வந்தன: வாசிப்பிலும் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு மாத முன்னேற்றம். பின்னர் அதைவிடப் பெரிய அளவில் நடந்த சோதனையில் வாசிப்புத் திறனில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. இதிலிருந்து தத்துவம் வீண் என்று முடிவு கட்ட முடியாது. தத்துவம் என்ற பெயர்ப்பலகையை மாட்டினாலே பலன் வரும் என்று நம்பவும் முடியாது. ஒரு குழந்தை வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கும், ஒரு கல்லூரி மாணவர் மூன்றாண்டுகள் வாரந்தோறும் ஒரு வாதத்தை எழுதி, ஆசிரியர் அதன் ஓட்டைகளைச் சுட்ட, மறுபடி எழுதுவதற்கும் வேறுபாடு பெரிது. பலன் பயிற்சியின் தரத்தையும் நீளத்தையும் பொறுத்தது.

புத்தகம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, கல்லூரி எதற்கு என்போருக்கும் இதிலேயே பதில் உண்டு. தனியாக வாசிப்பவர் தனக்குப் பிடித்த வாதத்தையே திரும்பத் திரும்பச் சந்திக்கிறார். வகுப்பறை, தன்னோடு உடன்படாத ஒருவரை எதிரே உட்காரவைக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தத் தேவை கூடியிருக்கிறது. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகச் சரளமான பத்து வாதங்களை இயந்திரம் நொடியில் எழுதித் தருகிறது. அவற்றில் எந்த முன்கூற்று பொய், எந்த இடத்தில் முடிவு தாவுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர், எழுத்தின் அழகைப் பார்த்து ஏமாறுவார்.

ஒழுக்கம் வளருமா?

அறவியல் படித்தால் மனிதர் நல்லவராகிவிடுவாரா என்று கேட்பவர்கள் உண்டு. எரிக் ஷ்விட்ஸ்கெபெல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதை நேராகவே சோதித்தார். அறவியல் கற்பிக்கும் பேராசிரியர்கள், மற்றத் துறைப் பேராசிரியர்களைவிட மேலாக நடந்துகொள்வதாக அவருடைய ஆய்வுகளில் தெரியவில்லை. தத்துவ ஆதரவாளர்களுக்கு உவப்பில்லாத முடிவு இது. ஆனால் அவரும் பிரட் காக்லெட், பீட்டர் சிங்கர் ஆகியோரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இறைச்சி உண்பதன் அறம் பற்றியும் மற்றப் பிரிவுக்கு நன்கொடை பற்றியும் பாடம் நடத்தினார்கள். பிறகு வளாக உணவகச் சிட்டைகளைப் பார்த்தபோது, முதல் பிரிவு மாணவர்கள் வாங்கிய உணவில் இறைச்சியின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தது. மற்றப் பிரிவில் அந்த மாற்றம் இல்லை. இறைச்சி உண்பது சரியா தவறா என்பது இங்கே பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றிய குறிப்பான வாதம் வகுப்பறையைத் தாண்டி நடத்தையைத் தொட முடியும் என்பதே செய்தி. பொதுவான நல்லொழுக்கப் போதனை அப்படித் தொடும் என்பதற்கு இந்த ஆய்விலிருந்து ஆதரவு எதுவும் கிடைப்பதில்லை.

சமூகத்தின் அளவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்ற தத்துவ ஆசிரியரிடம் பாடம் கேட்டவர் அவர். சாதி என்பது வேலைப் பங்கீடுதானே என்று வாதிட்டவர்களுக்கு 1936-ல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் பதில் சொன்னார். உழைப்பைப் பிரிப்பது வேறு, உழைப்பவர்களைப் படிநிலையில் பிரித்துவைப்பது வேறு என்று அவர் செய்த பாகுபாடு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை வேரிலேயே வெட்டியது. காந்தி எழுதிய விமர்சனத்தையும் அதற்குத் தன் மறுமொழியையும் அடுத்த பதிப்பில் சேர்த்தே வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாகப் பேச விடாமல் வைக்கப்பட்டவர்களுக்குத் தருக்கமும் வாதமும் ஆடம்பரம் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வாக்கும் சிபாரிசும் இல்லாதவரின் கையில் இருக்கும் முதல் கருவி, மறுக்க முடியாத வாதம்.

மனப்பாடத்திலிருந்து மீட்பது எப்படி?

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஆட்சேபணை மிஞ்சுகிறது. அதை மறுக்க இயலாது. நம் கல்லூரிகள் பலவற்றில் தத்துவம் என்பது பெயர்களையும் ஆண்டுகளையும் கொள்கைப் பட்டியல்களையும் நோட்ஸாக எழுதி ஒப்பிப்பது. சங்கரரின் கொள்கையை ஐந்து மதிப்பெண்ணுக்கு விளக்கு, கான்ட்டின் கொள்கையைப் பத்து மதிப்பெண்ணுக்கு விளக்கு என்று கேட்கும் வினாத்தாள், இதுவரை சொன்ன எந்தத் திறனையும் வளர்க்காது. அமெரிக்க ஆய்வுகள் காட்டிய பலனை இந்த முறையிலிருந்து எதிர்பார்க்கவும் உரிமையில்லை. அப்படியானால் மாற வேண்டியது பாடம் நடத்தும் முறை. துறையை மூடுவது அதற்குத் தீர்வாகாது.

மாற்றத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை. தத்துவத் துறைக்கு ஆய்வகமும் இயந்திரமும் வேண்டாம். வாதத்தை எழுதவைத்துத் திருத்தும் ஆசிரியர்கள் வேண்டும். அதற்கேற்ற சிறிய வகுப்புகள் வேண்டும். முதலாவதாக, தேர்வில் பாதி மதிப்பெண்ணையாவது, புதிதாகத் தரப்படும் ஒரு சிக்கலை மாணவர் தானே அலசி எழுதுவதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, எந்தப் பட்டம் படிப்பவருக்கும் முதலாண்டில் தருக்கமும் வாதப் பகுப்பாய்வும் ஒரு தாளாக இருக்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு நியாயமான கணிப்பு பற்றியும், வணிகவியல் மாணவருக்கு விளம்பரத்தின் உண்மை பற்றியும் எடுத்துக்காட்டுகள் தரலாம். மூன்றாவதாக, 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதி வைத்திருக்கிறது. அதைக் கற்பிக்க மருத்துவக் கல்லூரிகள் அருகிலுள்ள பல்கலைக்கழகத் தத்துவத் துறையைக் கூட்டாளியாக்கலாம். நான்காவதாக, மணிமேகலையின் அளவையும் சித்தியாரின் பரபக்கமும் இலக்கியப் பாடத்தில் பொருள் எழுதுவதற்கு மட்டும் பயன்படுவது போதாது. வாதப் பயிற்சிக்கான மூலங்களாகவே அவற்றைத் தமிழில் கற்பிக்க முடியும். தமிழ்வழி மாணவர் ஆங்கில நூல் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இவற்றில் எதையும் செய்யாவிட்டாலும், வென்டிலேட்டர் பற்றியும் மென்பொருள் பற்றியும் இட ஒதுக்கீடு பற்றியும் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். அவற்றை எடுப்பவர்கள் இன்று நம் கல்லூரிகளில் படிக்கும் டாக்டர்களும் வழக்கறிஞர்களும் புரோகிராமர்களும் அதிகாரிகளுமே. ஒரு வாதம் எங்கே உடைகிறது என்று பார்க்கவும், தனக்குப் பிடிக்காத தரப்பின் வலுவான வடிவத்தை எடுத்துச் சொல்லவும், அதன் பிறகும் ஒரு முடிவுக்கு வந்து அதற்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவரிடம் வெளிப்படையாகச் சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்கும் பாடம் நம்மிடம் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போது, தத்துவத் துறையை என்ன செய்வது என்பதை விட்டுவிட்டு, மற்றத் துறைகளின் முதலாண்டு மாணவர்களுக்குத் தத்துவத் துறை எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதை விவாதப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோரும் மாணவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.